தன்னோடு ஒட்டுறவு

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் இருப்பது
காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்.
மார்ச் முடிந்து உரிமம் புதுப்பிக்காவிட்டால்
முறைத்துக்கொண்டு நிற்கும்.
வீட்டில், முதுநகர் மாடி அறையில்
இலவசம். அதிலும் பழைய பதிப்பு.
இரண்டும் ஒரே மொழி பேசும் என்றுதான் சொன்னார்கள்,
கடலூர்த் தமிழும் புதுச்சேரித் தமிழும் போல.
நடுவே ஒரு சோதனைச் சாவடி இருப்பதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு கிணறுகள்.
பதினொன்றில் கலிவரதன் வாராவாரம் வாளி இறக்கி
உப்பை எண்ணாக்கிக் கொண்டுவந்தார்.
சோனாங்குப்பத்துக் கிணற்றில் மட்டும் ஒரே ஒரு வாரம்.
மறுவாரம் போனால்
கிணற்று வாய்மேல் பலகை, பலகைமேல் ஐஸ் பெட்டி,
பெட்டிமேல் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தாராம்
சௌரிராஜன்.
"யாரைக் கேட்டு அளக்குற?"

ஆக, ஒற்றை எண்: 4180.
பக்கத்தில் அன்றைய கடல் மட்டம். அதுவும் ஒற்றை.

இந்த உப்புக்கும் அந்தக் கடலுக்கும் என்ன ஒட்டுறவு?
மஞ்சக்குப்பத்தில் கேட்டேன்.
எண் அல்ல, என்றது.
இரவு முதுநகரில் அதே கோப்பு, அதே வரி.
ஒன்று, என்றது.
புள்ளிக்குப் பின்னால் பிசிறே இல்லாத
முழு ஒன்று.

வரைபடத்தில் பதினோரு கட்டங்கள் வெளிறிய ஆரஞ்சு,
பன்னிரண்டாவது மிளகாய்ச் சிவப்பு.
செயற்பொறியாளர் விரல் முதலில் அங்கேதான் போகும்.

இலவசத்தில் ஒரு வசதி,
வயிற்றைத் திறந்து பார்க்கலாம்.
பார்த்தேன். யாரோ, எந்த ஊரோ, எந்த நடுராத்திரியோ
ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறார்:
வந்தது ஒற்றை எண்ணா?
கணக்கே வேண்டாம், ஒன்றைக் கொடுத்து அனுப்பு.

பந்தியில் தனியாக வந்தவளிடம்
கூட யார் என்று கேட்காமல் இலை போடுவது மாதிரி.
இந்த மாடி அறைக்கு வந்த அன்று கேட்டார்கள்,
"யார் யாரெல்லாம் இருப்பீங்க?"
நான்.
"அப்புறம்?"

மற்றதைத் திறக்க முடியாது.
ஆனால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று
பால்காரர் ரசீதின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
ஒற்றைக்குச் சராசரி அதுவே.
அதிலிருந்து அதன் விலகல் சுழி.
மேலே சுழி, கீழே சுழி,
வகு.
உப்பனாற்று நீரும் கடல் நீரும் முட்டுகிற இடத்தையும்
சுழி என்றுதான் சொல்வார்கள்.
அதில் மாட்டிய படகு எந்தத் திசை பார்த்து நிற்கும் என்று
யாரும் பந்தயம் கட்டுவதில்லை.
எண் அல்ல.
சரிதான்.
சரியாக இருப்பதாலேயே பிடித்துவிடுமா என்ன.

கலிவரதனை மறுபடி அனுப்பினேன்.
பெட்டியை நகர்த்த இரண்டு பேர்,
டீக்காசு என் கையிலிருந்து.
3955.

இப்போது இரண்டு உப்பு, இரண்டு கடல்.
மஞ்சக்குப்பம் சொன்னது: மைனஸ் ஒன்று.
முதுநகர் சொன்னது: மைனஸ் ஒன்று.
இம்மி பிசகில்லை.

இரண்டும் ஒரே குரலில் பேசிய அந்த நேரத்தில்தான்
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
எந்த இரண்டு புள்ளிக்கு நடுவிலும்
ஒரு நேர்கோடு போய்விடும்.
என் தூக்கத்தையும் பண்ருட்டி முந்திரி விலையையும்
இரண்டே நாள் குறித்துவைத்தால்
அவையும் ஒட்டி உறவாடிக்கொண்டு நிற்கும்.
முதல் முறை சண்டை போட்டபோதாவது
எதுவோ தெரியவில்லை என்று தெரிந்தது.

"ஒத்து வந்துடுச்சா மேடம்?"
போனில் கலிவரதன்.
வந்துடுச்சு. அதனாலதான்
இன்னும் ஒரு தடவை போகணும்.

கொஞ்ச நேரம் காற்றிரைச்சல் மட்டும்.
"பெட்டியில இன்னைக்கு மீன் இருக்கு மேடம்.
கனமா இருக்கும்."