சுண்ணாம்புப் பொறுப்பு

மைதானத்தின் சாவி என்னிடம்தான்.
கேட்டைப் போன வருசம் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
ஆனாலும் தினமும் ஐந்தே முக்காலுக்குக்
கையெழுத்துப் போட்டுத்தான் சாவியை எடுக்கிறேன்.

கொட்டகலைக்கு மேலே,
மூன்று பக்கம் தேயிலை, நாலாவது பக்கம் பள்ளம்,
நடுவில் எங்கள் கல்லூரி மைதானம்.
தெற்கு மூலை ஓரடி சரிவு.
காசு சுண்டும்போது எதிரணிக்கு இதைச் சொல்வதில்லை.

பதினேழு வருசம். நான்கு தலைமைப் பயிற்றுவிப்பாளர்கள்.
விஜேகோன் சேருக்குக் கொழும்பில் கழகம் கிடைத்தது.
ஹலீம்தீன் சேர் கம்பளைக்கு மாற்றலாகிப் போனார்.
செபஸ்தியாம்பிள்ளை சேர் கனடா.
இப்போதிருக்கும் நவரூபன் சேர்
ஒரு காலத்தில் எங்கள் இடது பின்வரிசை.
அவன், இல்லை, அவர்.
இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நியமனக் கடிதத்தில் நான் ஆசிரிய உதவியாளர்.
மைதானத்தில் துணைப் பயிற்றுவிப்பாளர்.
வங்கியில் கடன் கேட்கப் போனபோது
அந்த மிஸ் இரண்டு தாளையும் வாசித்துவிட்டு
"முழுசா ஏதாவது இருக்கா?" என்றார்.

பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை
எச்சில் தொட்டு ஏற்றவேண்டும்.
காய்ந்த ஊசி உள்ளே முறிந்தால்
அடுத்த ஒதுக்கீடு வரை அந்தப் பந்து செத்தது.
மழைக்கு முன் சுண்ணாம்புக் கோடு,
மழைக்குப் பின் மறுபடியும் கோடு.
அட்டை கடித்த கணுக்காலுக்கு உப்பு.
எட்டாம் அளவு பூட்ஸ் ஒரு சோடிதான்:
முதற்பாதி சுகிர்தன் காலில்,
இரண்டாம் பாதி மோகனகாந்தன் காலில்.
எங்கள் வியூகம் என்று பத்திரிகையில் எழுதினார்களே,
அது இதுதான்.

ஒரே ஒரு ஆட்டத்துக்கு நான் தலைமை.
வலய இறுதி. நானுஓயாவில் மண் சரிந்து
ஹலீம்தீன் சேர் பஸ்ஸுக்குள்.
போனில் "நீங்களே பாருங்க" என்பது வரை கேட்டது.
பிறகு சிக்னல் இல்லை.

இரண்டு வருசமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் செய்தேன்.
பின்னால் நின்ற நவரூபனை முன்னால் அனுப்பினேன்.
அவன் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்,
வேறு யாரையோ கூப்பிட்டேன் என்று.

ஒன்றுக்கு ஒன்று. அறுபத்திரண்டாவது நிமிடம்.
பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறியது.
முதலில் தூரத்துக் கோல் கம்பம் போனது.
பிறகு நடுவர் போனார், விசில் மட்டும் மிச்சம்.
நவரூபனின் முதுகு போனது.
உதைத்த சத்தம் கேட்டது.
அதற்குமேல் ஒன்றும் இல்லை.
வலை இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.
வலைக்கான விண்ணப்பம் வலயத்தில் இருந்தது.

நடுவர் இருபது நிமிடம் பொறுத்தார்.
கைவிடப்பட்டது என்று எழுதி நீட்டினார்.
தலைமைப் பயிற்றுவிப்பாளர் என்ற இடத்தில்
என் பெயரை எழுதினேன்.
கை குளிரில் கோணியது.

மறு ஆட்டத்துக்கு சேர் வந்துவிட்டார்.
நவரூபன் பழையபடி பின்வரிசை.
மூன்றுக்குப் பூச்சியம், தோற்றோம்.

நாலாம் நாள், ஆறாம் நம்பர் மலையில்
கொழுந்து நிறுக்கையில் மருதாயி அக்காவின் சாக்கில்
பந்து உட்கார்ந்திருந்தது.
கணக்கப்பிள்ளை பந்தின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தந்தார்.
தண்ணிக்கென்று வழக்கமாகக் கழிப்பது வேறு.

கம்பத்துக்கு நேர் பின்னாலா கிடந்தது,
இடமா, வலமா என்று கேட்டேன்.
"அதெல்லாம் யாரு பாத்தா?
கொழுந்து இருந்த பக்கம் கெடந்துச்சு."

நேற்றுக் காலை கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.
நவரூபன் சேர் தேநீரோடு வந்து நின்றார்.
அவரும் என்னை சேர் என்றுதான் கூப்பிடுவார்.
"அன்னைக்கு அது கோலா, சேர்?"

சுண்ணாம்பு வாளியை இடக்கைக்கு மாற்றினேன்.
"அந்த மூலை இன்னும் காயல்ல.
மிதிச்சிராதீங்க, சேர்."