பாக்கி நாலு ரூபாய்

எனக்கு அவர் பெயர் நாற்பத்தொன்று.
ஆண், வயது எழுபத்து மூன்று, பஸ் கண்டக்டர்.
மூச்சு நின்று மூளை வந்து சேர
ஐந்து மணி பத்து நிமிடம்.
ஓசூர் ரோட்டில் நெரிசல் இருந்திருக்கும்.

பெயரை மறைத்தவர்கள்
ஒப்புதல் தாளில் மனைவியின் கையெழுத்தை மறைக்க மறந்திருந்தார்கள்.
சலேத்மேரி, தமிழில்.

மைனஸ் எண்பதிலிருந்து எடுத்தேன்,
குன்றிமணி அளவுத் துணுக்கு.
ஐஸில் வைத்து அரைக்கையில் வெளியே மழை,
ஜெனரேட்டர் மாறும் சத்தம்.
'பால்பவுடர் போடாதே' என்று நானே ஒட்டிய சீட்டு சுவரில்:
பாலிலும் பாஸ்பேட் உண்டு, பட்டை பொய் சொல்லும்.

ஒரு நொதி ஒட்டும்.
இன்னொன்று பிய்க்கும்.
டௌ புரதத்தின் மேல் பாஸ்பேட்டை
வைப்பதும் எடுப்பதுமாய் ஓடுகிறது பிழைப்பு,
கணக்கு நேராக இருக்கும் வரை.
பிறகு ஒட்டுகிற கை ஓய்வதில்லை.
பிய்க்கிறது களைத்துப்போகிறது,
அல்லது யாரும் அதை அழைப்பதில்லை, இன்னும் தெரியவில்லை.
சுமை ஏறிய டௌ
பிடித்திருந்த தண்டவாளத்தைக் கைவிட்டு
தன்னையே சுற்றி முறுக்கிக்கொள்கிறது.
மாணவர்களுக்கு இதை நாலு நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

தாளின் ஓரத்தில் நர்ஸ் கன்னடத்தில் கிறுக்கியிருந்தாள்,
மனைவி சொன்னதாக:
கடைசி இரண்டு வருஷம் மத்தியானமானால்
காலண்டரைக் கிழித்துத் துண்டு துண்டாய்
'பாக்கி நாலு ரூபாய்' என்றெழுதி
பால்காரனுக்கு, கேஸ் பையனுக்கு, எனக்கும்.
நான் யாரென்று தெரியாது.
எனக்குத் தர வேண்டியது மட்டும் தெரியும்.

பத்தரை மணிக்குப் படம் தெளிந்தது.
நாற்பத்தொன்றின் வரிசையில்
ஒட்டியது தார் பூசினாற்போல் கருப்பு.
பிய்ப்பதன் பட்டையைக்
கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருந்தது.
குறித்துக்கொண்டேன். கை கழுவினேன்.

கடைசி பஸ்ஸில் நாலே பேர்.
ஐம்பதை நீட்டினேன்.
'சில்லறெ இல்லா' என்று
சீட்டின் பின்புறம் பேனாவால் கிறுக்கித் தந்தார்.
இப்படி எத்தனை சீட்டுகள் என் கைப்பையில்,
இறங்கும் அவசரத்தில் கேளாமலே விட்டவை.

இன்று ஒரு நிறுத்தம் முன்பே எழுந்து நின்று கேட்டேன்.
தோல்பைக்குள் அவர் விரல்கள்
வெகுநேரம் துழாவின.
வண்டி ஆடிக்கொண்டிருந்தது.
கம்பியைப் பிடித்தபடி
நீட்டிய கையை எடுக்காமல் நின்றேன்.