மூல நாடு

சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதி
கொழும்பிலிருந்து பதிவுத் தபாலில் வந்தது,
பிழை பார்க்க.
அட்டனில் மூன்றாம் நாளாக மழை.

'வெளிநாட்டுக் கதிரியக்கக் கழிவு எதுவும்
இலங்கைக்குள் கொண்டுவரப்படலாகாது.'
நல்லது.
ஒரு கமா மட்டும் போட்டேன்.

'அரை ஆயுள்' பக்கத்தில் யாரோ
பென்சிலால் கேட்டிருந்தார்: யாருக்கு?
அழித்தேன்.

ஒன்பதாம் பிரிவு:
'மீறி வந்தது
மூல நாட்டுக்கே திருப்பியனுப்பப்படும்.'

பேனா அங்கே நின்றது.

பெரியப்பா வேலாண்டியின் கடுதாசியிலும்
இதே சொல்தான்.
பிறந்தது பொகவந்தலாவை, எட்டாம் நம்பர் லயம்.
ராமேஸ்வரத்தை அவர் முதன்முதல் பார்த்தது
திருப்பியனுப்பப்பட்டபோது.
கையில் ஒரு கம்பளி, தகரப்பெட்டி,
தேயிலைக் கறை போகாத நகம்.

சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன்.
ஓரத்தில் எழுத ஒன்றும் வரவில்லை.
பிறகு வட்டத்தையும் அழித்தேன்.

கழிவுக்கு
அது சரியான சொல்தான்.