ஓட்டை எண்ணும் முறை

பதினாலாம் நம்பர் காட்டில் கவாத்து முடிந்த வாரம்
எலிகள் லைனுக்கு இறங்கின.
அவற்றுக்கும் குளிரும்தானே.
அதற்காக என் ரேஷன் அரிசியிலா குடித்தனம்?

கோத்தகிரி பஜாரில் பொறி வாங்கி
தேங்காய்ச் சில்லு சுட்டு வைத்தேன்.
சில்லு போனது, பொறி இருந்தது.
மருந்து வேண்டாம் என்றாள் செபஸ்தியம்மா,
"கூரைக்குள்ள செத்தா மாசி வரைக்கும் நாறும்."

பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும்,
இது ஸ்டோர் கிளார்க் சொன்ன கணக்கு.
ஷர்மியின் பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

பகலில் தேடினால் எல்லாச் சுவரும் யோக்கியம்.
ராத்திரி பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தி
பறிப்புக்குப் போகும் பூட்ஸோடு
உறைபனிப் புல்லில் வீட்டைச் சுற்றி வந்தேன்.
பதினெட்டு வருஷமாய்க் குடியிருக்கும் வீடு
எங்கெங்கே ஒழுகுகிறதென்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
கதவடியில் ஒரு கோடு.
குழாய் நுழையும் இடத்தில் காசளவு.
அடுப்படி மூலையில் மூன்று, வரிசையாக.
மொத்தம் பதினொன்று.
உள்ளே மாசிலாமணி இருமினார்.
அதுவும் ஓட்டை வழியாகத்தான் வந்தது.

பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள்,
அதன்மேல் சிமெண்டு, சிமெண்டில் பாட்டில் சில்லு.
கதவடிக்குப் பழைய டயரை வெட்டி ஆணி அடித்தேன்.
நகம் இரண்டு போனது.
மறுநாள் பறிப்பில் ஒன்பது கிலோ குறைவு.

அப்புறம் அட்டாலிக்கு மேலே ஏறினேன்.
அங்கேதான் கணக்கு தப்பியது.
தகரத்துக்குக் கீழே சுவரே இல்லை.
ஒன்றாம் நம்பரிலிருந்து பத்தாம் நம்பர் வரை
ஒரே இருட்டு, ஒரே சாலை.
டார்ச் அடித்தேன். ஒரு கூடு.
எட்டாம் நம்பரின் குழுக்கடன் அட்டை ஓரம்,
செபஸ்தியம்மாவின் பச்சைக் கம்பளி,
போன வருஷம் ஓடிப்போன வினோதாவின் ரிப்பன்,
அதோடு
தொலைந்துபோச்சு என்று மாசிலாமணி சொன்ன
சம்பளச் சீட்டில் பாதி.
தொகை இருந்த பாதி.

கூட்டைக் கலைக்கவில்லை.
சீட்டை மட்டும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்து வீடும் சேர்ந்து அடைத்தால்தான் உண்டு
என்று ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் சொன்னேன்.
"எங்க வீட்டுல எலியே கெடையாது" என்றான்
மூன்றாம் நம்பர் எட்வின்,
லுங்கியில் கடிபட்ட ஓட்டையோடு.

அன்று ராத்திரி
அடுப்படி மூலையில் சுரண்டல்.
காதை வைத்துக் கேட்டேன்.
வெளியிலிருந்து இல்லை.
நான் அடைத்தபோது உள்ளே இருந்துவிட்ட ஒன்று
வழி கேட்கிறது.

கதவை அகலத் திறந்து வைத்தேன்.
பனி வந்தது.
லைன் நாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
எலியைக் காணோம்.

"யாருக்குடி தொறந்து வச்சிருக்க?"
போர்வைக்குள்ளிருந்து குரல்.
"போறவங்க போகட்டும்னுதான்" என்றேன்.

இருமல் நின்றுவிட்டது.
சுரண்டலும்.