ஐந்தில் நின்ற கோடு

புந்தா அரேனாஸில் காற்று
ஆளைக் கேட்டுத் திரும்புவதில்லை.
பிடித்து நடக்க
நடைபாதை ஓரம் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அதைப் பிடித்தபடிதான் வருவார் நிபால்தோ,
வியாழன் மூன்றரைக்கு,
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு.

மார்ச்சில் எங்களுக்கு டேப்லெட்டுகள் வந்தன.
சாம்பல் உறை, தலைக்கு ஒன்று.
சந்தியாகோவிலிருந்து வந்த பையன்
ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு
விமானத்துக்கு ஓடினான்.
அமர்வுக்கு முன் நான்கு கேள்விகள்:
தூக்கம், மனம், வீட்டார், வேலை.
பூஜ்யம் முதல் பத்துவரை ஒரு கோடு,
நடுவில் நீலப் பொட்டு.
விரலால் இழுத்தால் போதும்,
மீதியை அதுவே வரைந்துகொள்ளும்.

பத்தொன்பது வருஷம்
முகம் பார்த்தே ஓட்டியவள் நான்.
கோட்டைக் கழற்றி மாட்டும் விதத்திலேயே
அந்த வாரம் எப்படிப் போயிற்றென்று
தெரிந்துவிடும் என்று
சொல்லிக்கொண்டு திரிந்தவள்.
இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே, நீட்டினேன்.
வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முடித்து
இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.
ஐந்து. ஐந்து. ஐந்து. ஐந்து.

ஏப்ரல் முழுக்க ஐந்து.
பிப்ரவரியில் படகோடு போன தம்பியை
இனித் தேடுவதில்லை என்று
கடற்படை கடிதம் அனுப்பிய வாரமும் ஐந்து.
ஜூனில் விடியவே பத்து மணியாகும்,
அப்போதும்.
காற்றில்லாத நாளின் ஜலசந்தி மாதிரி
சமமாய் ஒரு நீலக் கோடு.
அப்படியொரு நாளை
இந்த ஊரில் யார் கண்டது?

மாதக் கூட்டத்தில் எர்வின்
சுவரில் அதைப் போட்டுக் காட்டினார்:
"நிலையாக இருக்கிறார்."
தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி.
இயந்திரமும் நானும் ஒத்துப்போன முதல் நாள்.
சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜூலையில் ஒரு வியாழன்
வெந்நீர் பிடிக்கப் போனவள்
கதவருகே நின்றுவிட்டேன்.
ஆள்காட்டி விரல், நடுவிரல், கட்டைவிரல்.
நெற்றி வேர்க்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
பொட்டு அசையவில்லை.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து
மூக்கால் 'அடுத்து' என்பதை அழுத்தினார்.
மூக்கால் அழுத்தலாம்,
இழுக்க முடியாது.

முப்பது வருஷம் நண்டுக்கூடை இழுத்த கை.
உப்பும் கயிறும் குளிரும் சேர்ந்து
விரல்நுனியில் தோலென்று எதையும் விட்டுவைக்கவில்லை.
நண்டின் ஓடுபோல ஏதோ இருந்தது அங்கே.
கண்ணாடிக்கு அது
மனித விரலாகத் தெரியவில்லை.

"ஏன் சொல்லவில்லை?"
"எல்லாரும் செய்கிறார்கள்.
என்னால் முடியவில்லை என்றால்
வேறெங்காவது அனுப்பிவிடுவீர்களோ என்று."

பக்கத்தில் உட்கார்ந்தேன், எதிரில் அல்ல.
நான் படிக்க, அவர் சொல்ல,
என் விரல் இழுத்தது.
தூக்கம் இரண்டு.
மனம் என்றேன். தாண்டச் சொன்னார்.
வீட்டார் ஏழு. "மகள் பேசுகிறாள் இப்போது."
வேலை நான்கு.
திரும்ப மனத்துக்கு வந்தோம்.
வெளியே கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது.
"ஒன்று" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"ஏப்ரலிலிருந்தே ஒன்று."

அன்றிரவு என் குறிப்பேட்டில்
ஏப்ரலைப் புரட்டினேன்.
'அமைதியாக இருக்கிறார். கைகுலுக்கிவிட்டுப் போனார்.'
பதினாறு வியாழக்கிழமை
அந்தக் கையைத்தான் குலுக்கியிருக்கிறேன்.

வெள்ளி காலை எர்வின் ஓடிவந்தார்.
திரையில் கோடு
ஐந்திலிருந்து ஒன்றுக்குச் செங்குத்தாய் விழுந்திருந்தது.
"என்ன ஆயிற்று அவருக்கு, திடீரென்று?"

திடீரென்று ஒன்றுமில்லை என்றேன்.
பெஞ்சின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன்.
உள்ளே கொண்டுபோய்
ஜன்னலோரம் போட்டோம்.