குறைவு

பெனீக்னா கல்சினாவின் முழங்கையில்
நரம்பைத் தேட வேண்டியதில்லை.
ஊதாக் கயிறாய்ப் புடைத்து நிற்கிறது.
ஊசி ஏற்றினால் பீறிட்டு வராது,
யோசித்து யோசித்து வரும்,
குளிரில் வைத்த தேனைப் போல.
மெல்லிய கண்ணாடிக் குழலில் ஒரு சொட்டெடுத்துச்
சுழலியில் சுற்றி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்:
நூறில் எழுபத்தொன்று சிவப்பு.
மீதிதான்
மேலே ஒண்டியிருக்கும் மஞ்சள் நீர்.

கடல்மட்டத்துக்கு ஐயாயிரம் மீட்டர் மேலே இந்த ஊர்.
தகரக் கூரைகள், பாதரச வாடை,
பனிப்பாறைக்கு அடியில் தங்கம்.
அரெகிபாவிலிருந்து ஏறி வந்தவன் நான்.
முதல் வாரம் தூக்கத்தில் மூச்சு நின்றது,
திடுக்கிட்டது, ஓடியது, மறுபடி நின்றது.
நெஞ்சு அதிகம் இழுத்துவிட்டால் மூளை நில் என்றது;
நின்று வெகுநேரமானால் இழு என்றது.
செய்தியைச் சுமந்துகொண்டு
இரத்தம் போய்ச்சேரும் அந்தச் சில நொடித் தாமதத்தில்
இரவு முழுக்க ஆடிக்கொண்டிருந்தேன்,
துடுப்பைப் பிந்தித் திருப்புகிறவனின்
படகு மாதிரி.

அவள் உடம்பில் யாரும் பொய் சொல்லவில்லை.
சிறுநீரகம் இரத்தத்தை ருசித்துப் பார்க்கிறது:
பிராணவாயு குறைவு.
சீட்டெழுதி அனுப்புகிறது.
எலும்புக்குள் மஜ்ஜை அதை வாங்கிப் படித்துச்
சிவப்பணுக்களைச் சுட்டுச் சுட்டு அடுக்குகிறது.
கீழே, கடலோரத்தில் என்றால்
நாலு சீட்டோடு பேனாவை மூடியிருக்கும்.
இங்கே எத்தனை அணு பிறந்து வந்தாலும்
வானத்தில் இருப்பதென்னவோ பாதிக் காற்று.
குறைவு என்று மறுபடி எழுதுகிறது.
இரத்தம் தடிக்கிறது, தடித்ததால் தயங்குகிறது,
தயங்கியதால்
குறைவு.

ஐம்பது வயது வரை
மாதத்துக்கு ஒருமுறை தானாகவே கொஞ்சம் வடிந்தது என்கிறாள்,
கையை மேசைமேல் நீட்டியபடி,
வானிலை சொல்வதுபோல.
இப்போது அந்த வேலை எனக்கு.
ஒரு பை எடுத்தால் தலைவலி விலகும்,
உதட்டு நீலம் இறங்கும்,
காதுக்குள் அரைக்கும் ஆலை ஓயும்.
சில வாரங்களில் எல்லாம் பழையபடி.
நான் எடுத்ததையும்
குறையென்றே கணக்கில் வைத்துக்கொள்கிறது உடம்பு.

"கீழே இறங்கிப் போய்விடு," என்றேன்.
"உன் சிறுநீரகம் ஒரு சொல்லைக் கேட்டாக வேண்டும்."
"என்ன சொல்?"
"போதும்."

சிரித்தாள். பல்லிடுக்கில் கோகா இலைப் பச்சை.
சுரங்கம் துப்பிய கல்லைச் சுத்தியலால் உடைத்து
மினுக்கும் துணுக்குகள் தேடுகிறவள்.
கூலி கிடையாது, கிடைத்தது அவளுக்கு.
தங்கம் விலை ஏறினால் ஆட்கள் ஏறி வருகிறார்கள்;
ஆட்கள் கூடினால் நல்ல கல் கிடைப்பதில்லை;
கிடைக்காவிட்டால் இருட்டில் கிளம்ப வேண்டும்,
நேற்றைவிட இன்னும் இருட்டில்.
"செவ்வாய்க்கிழமை புதுக் கல் கொட்டுகிறார்கள்,"
என்று சால்வையை இழுத்து முடிந்தாள்.
"அதுக்கப்புறம் பார்க்கலாம்."

பஞ்சை எடுத்துப் பார்த்தேன்.
ஊசி போன துளை மூடியிருந்தது.
நூல் நூலாய்ப் பின்னி,
பின்னியதே இன்னும் பின்னச் சொல்லி,
சரியான இடத்தில் நின்றிருந்தது,
யாரும் சொல்லிக் கொடுக்காமல்.

அவள் போனதும் நோட்டில் எழுதினேன்:
கல்சினா, பெ. எழுபத்தொன்று.
இந்த மலையில் எனக்கு இது மூன்றாம் வருடம்.
கதவைச் சாத்திவிட்டு, மாதக் கடைசியில்
என் சொட்டையும் சுழற்றுகிறேன்.
அந்த எண்ணை
இந்த நோட்டில் எழுதுவதில்லை.