தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு:
'அவள் சொல்கிறாள்' என்று ஆரம்பிக்கக் கூடாது.
அவள் 'நான்' என்றால் நானும் 'நான்'.

டிராம்மன் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
கீழே ஆற்றில் பனிக்கட்டிகள் உரசிக்கொண்டு போகின்றன.
உபாஹுக்கு இருபத்தாறாவது வாரம்.
கோட்டைக் கழற்றவில்லை.

மருத்துவச்சி ராக்ன்ஹில்ட்
கணவரைக் காபி குடித்து வரச் சொல்லிவிட்டாள்.
படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.
என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டாள்:
சிறுநீர் கழிக்க எவ்வளவு நேரமாகிறது?

உபாஹ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
கால் மணி நேரம், என்றாள்.
கால் மணி நேரம், என்றேன்.
எல்லோருக்கும் அப்படித்தானே?
எல்லோருக்கும் அப்படித்தானே?

ராக்ன்ஹில்ட் 'ஐயோ' என்று சொல்லவில்லை.
புருவம்கூட அசையவில்லை.
பென்சிலால் ஒரு படம் வரைந்தாள்.
இது தைத்து மூடிய இடம்.
பிள்ளை வருமுன்பே இங்கே திறக்கலாம், மரத்துப்போக ஊசி உண்டு.
யார் கேட்டாலும் மறுபடி தைக்கமாட்டோம்.
வேண்டாம் என்று இன்றைக்கும் சொல்லலாம், நாளைக்கும் சொல்லலாம்.

தையலுக்கும் சொந்தபந்தத்துக்கும்
சோமாலியில் ஒரே சொல்.
அதை நான் அங்கே சொல்லவில்லை.
அதற்குக் கூலி இல்லை.

எப்போது நடந்தது?
உபாஹ் கோட்டின் பொத்தானிடம் சொன்னாள். நான் சத்தமாகச் சொன்னேன்:
எனக்கு ஏழு வயது.
கால்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.
வெளியே ஒரு ஆடு கத்திக்கொண்டே இருந்தது.

ஆடு அவளுடையது.
மற்றதை மொழிபெயர்க்க
வேண்டியிருக்கவில்லை.

மகள் இத்மானுக்கு எத்தனை வயது? கோடையில் ஊருக்கா?
டிக்கெட் எடுத்தாயிற்று.
என் மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார், என்றேன்
கல்யாணமே ஆகாத நான்.

ராக்ன்ஹில்ட் பென்சிலைக் கீழே வைத்தாள்.
இதை என்னோடு வைத்துக்கொள்ள எனக்கு அனுமதியில்லை.
குழந்தைகள் நலப் பணியாளரிடம் பேசியாக வேண்டும்.
உங்கள் முதுகுக்குப் பின்னால் அல்ல, இங்கேயே, நீங்கள் கேட்க.
அங்கே காட்ட ஒரு கடிதம் தருகிறேன்,
இது குற்றம், இவள் திரும்பியதும் பேசுவோம் என்று.
நீளமான மௌனம். நான் மௌனத்தையும் அப்படியே கொடுத்தேன்.
பிறகு உபாஹ்:
முத்திரை பெரிதாக இருக்கட்டும்.
அவருக்குப் படிக்கத் தெரியாது.

எல்லாம் முடிந்து தாழ்வாரத்தில்
ராக்ன்ஹில்ட் என்னைப் பார்த்தாள், முதல்முறையாக:
கொஞ்சம் உட்காருகிறாயா?
பஸ் வந்துவிடும், என்றேன்.

பணிநேரத் தாளில் ஐம்பத்தைந்து நிமிடம் என்று எழுதினேன்.
பஸ் வந்தது, போயிற்று.
மூன்றாம் மாடிக் கழிப்பறையில்
கைக்கடிகாரத்தைக் கழற்றி
முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.